நியூட்ரலில் உருண்ட காரும் மைலேஜ் கணக்கும்

வாகனச் சோதனைப் பிரிவில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன் நான். சொந்தத்தில் யார் புதுக் கார் எடுத்தாலும் ஒரு மாதத்துக்குள் எனக்குப் போன் வந்துவிடும். போன மாதம் பெரியப்பா. "ஏம்ப்பா, இருபது குடுக்கும்னு சொல்லித்தான வித்தான்? பதினஞ்சுக்கு மேல வரமாட்டேங்குது. ஏமாத்திட்டானா?"

பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் சொல்வேன். விளம்பரத்தில் வரும் அந்த எண், ஏசியை அணைத்துவிட்டு, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஆய்வுக்கூடத்து உருளைகள் மேல் ஓட்டி எடுத்தது. விதிப்படி எடுத்ததுதான். வடபழனி சிக்னலில் அது கிடைக்காது, அவ்வளவே. ஆனால் அந்த விதியையே வளைத்து எண் எடுத்தால் கதை வேறு. அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

எங்கே வளைத்தார்கள் என்பது புரிய, எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்து உருளைக்கு எதிர்க்காற்றும் தெரியாது, தார்ச்சாலையும் தெரியாது. நிஜச் சாலையில் காற்றும் டயரும் காரை எவ்வளவு பிடித்து இழுக்கின்றன என்று நாம்தான் உருளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக நீளமான சமதளப் பாதையில் காரை 115 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கொண்டுபோய், நியூட்ரலில் போட்டு, அப்படியே உருளவிடுவோம். வேகம் எத்தனை நொடியில் எவ்வளவு குறைகிறது என்று கருவி குறித்துக்கொண்டே வரும். எங்கள் பாஷையில் இது கோஸ்ட் டவுன். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் போயாக வேண்டும். காற்று ஒரு திசையில் தள்ளிவிட்டதை மறு திசை சரிக்கட்டும். அப்புறம் எல்லா ஓட்டங்களுக்கும் சராசரி.

கார் அதிக நேரம் உருண்டால் இழுவை குறைவு என்று அர்த்தம், மைலேஜ் எண் ஏறும். சபலமும் அங்கேதான் பிறக்கிறது. வெயிலில் சூடேறிய டயர் லேசாக உருளும், சூடான காற்றின் தடையும் குறைவு. இருபது ஓட்டத்தில் இரண்டு மட்டும் அருமையாக வந்திருக்கும். "அந்த ரெண்டு நல்லாருக்கே" என்று மேலே உள்ளவர் ஒருவர் சொல்லி, அன்று இரவு நான் சாப்பிடாமல் படுத்த கதை எனக்கும் உண்டு. யாரும் எண்ணைப் பொய்யாக எழுதச் சொல்வதில்லை. பொறுக்கச் சொல்கிறார்கள். பொறுக்கிய ஒவ்வொரு எண்ணும் நிஜமாகவே அளந்ததுதான் என்பதால் மனசாட்சியும் அதிகம் உறுத்தாது.

அமெரிக்காவில் மைலேஜ் சோதனையைக் கம்பெனிகளே செய்து, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் ஒப்படைக்கின்றன. முகமை ஒரு பகுதி கார்களை மட்டும் மறுபடி சோதித்துப் பார்க்கும். நெடுஞ்சாலையில் காலனுக்கு 40 மைல் என்று விளம்பரம் செய்த ஹூண்டாயின் எலன்ட்ரா கார் அவ்வளவு தரவில்லை என்று உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். முகமை சோதித்தபோது கம்பெனியின் கணக்கு பொருந்தவில்லை. 2012 நவம்பரில் விஷயம் வெளியே வந்தது: 2011 முதல் 2013 வரையிலான மாடல்களில் சுமார் 9 லட்சம் கார்கள். எலன்ட்ரா 38-க்கு இறங்கியது, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 17-லிருந்து 16 கிலோமீட்டர். பெரும்பாலான கார்களில் ஒன்றிரண்டு மைல்தான் குறைந்தது. கியா சோல் ஒன்றில் மட்டும் நெடுஞ்சாலை எண் 6 மைல் சரிந்தது. சராசரியை விட்டுவிட்டுச் சாதகமான முடிவுகளை எடுத்தார்கள், பின்காற்று தள்ளிய ஓட்டங்களையும் சேர்த்தார்கள் என்றது அரசுத் தரப்பு. நடைமுறைப் பிழை என்றன கம்பெனிகள்.

எனக்குப் பிடித்தது நஷ்டஈட்டைக் கணக்கிட்ட விதம். ஓடோமீட்டரைப் பார்ப்பார்கள். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் இடையில் எத்தனை காலன் கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்று பார்த்து, அந்த வட்டாரப் பெட்ரோல் விலையால் பெருக்கி, சிரமத்துக்காக 15 சதவீதம் மேலே போட்டு டெபிட் கார்டில் கொடுத்தார்கள். காலனுக்கு 27 மைல் என்றது 26 ஆகிவிட்டது, கார் 15,000 மைல் ஓடியிருக்கிறது, பெட்ரோல் காலன் 3.75 டாலர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 92 டாலர் வரும். கார் கையில் இருக்கும்வரை ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அலைய முடியாது என்பவர்களுக்காக 2013 டிசம்பரில் மொத்தத் தொகை சமரசம் வந்தது. இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து 39.5 கோடி டாலர் வரை. அடுத்த வருடம் அரசுக்கு 10 கோடி டாலர் அபராதம் தனி.

ஃபோர்டும் சி-மேக்ஸ் ஹைபிரிட் காரின் 47 மைலை 2013-ல் 43 ஆகக் குறைத்து, சொந்தமாக வாங்கியவர்களுக்குத் தலைக்கு 550 டாலர் தந்தது. தன் இன்னொரு காரான ஃப்யூஷன் ஹைபிரிட்டுக்கு எடுத்த எண்ணைச் சி-மேக்ஸுக்கும் ஒட்டியிருந்தார்கள். அதற்கு அன்றைய விதியில் இடமிருந்தது என்பதுதான் வேடிக்கை. ஜப்பானில் 2016-ல் மிட்சுபிஷியின் குட்டிக் கார்கள் 6.25 லட்சம் சிக்கின. அங்கேயும் குளறுபடி நடந்தது ஆய்வுக்கூடத்துக்கு முந்தைய இந்த இழுவைக் கணக்கில்தான்.

சரி, பெரியப்பாவுக்கு என்ன சொன்னேன்? டேஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஒரே பங்க்கில், முதல் ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தி, டேங்க்கை நிரப்புங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த தடவை நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை, அப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். பில்லைத் தூக்கிப்போடாதீர்கள். ஐந்து டேங்க்காவது இப்படிப் போகட்டும், அதற்கப்புறம் சர்வீஸ் சென்டரில் சண்டை போடலாம்.

மூன்று டேங்க் முடிந்திருக்கிறது. நோட்டில் 15.8, 16.4, 16.1. நேற்று டயரைப் பார்த்தேன். காற்றழுத்தம் 33 இருக்க வேண்டும் என்கிறது கதவோர ஸ்டிக்கர், உள்ளே இருந்தது 26. காற்றடித்துவிட்டு நாலாவது டேங்க்குக்காகக் காத்திருக்கிறோம்.