வலிக்காத புண்தான் எனக்குப் பயம்

சுங்கை சிப்புட்டில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் வேலை செய்யும் தாதி நான். போன மாதம், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஓர் அண்ணன் வந்தார். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு உள்ளவர். வலது உள்ளங்காலில் புண் வந்து ஏழு வாரம். "வலியே இல்லை மிஸ்ஸி, ஆறிக்கிட்டு வருது" என்றார்.

கட்டைப் பிரித்தேன். காய்ந்த மஞ்சள் பத்து, அதன்மேல் காப்பித்தூள். கழுவிப் பார்த்தால் சீழ் இல்லை. நம் கறுத்த தோலில் சிவப்பும் எளிதில் தெரியாது. பூட்ஸைக் கழற்றிப் பத்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு, புண்ணின் ஓரத்தில் புறங்கையை வைத்தேன். அப்புறம் இடது காலில் அதே இடத்தில். சூட்டு வித்தியாசம் கைக்கே தெரிந்தது. தோலைத் தொடாமல் சூட்டை அளக்கும் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது. இரண்டு கால்களுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே அழற்சி இருக்கலாம். அது கிருமியாலும் வரும், எலும்பு மூட்டுக் கோளாறாலும் வரும். அதனால் உடனே டாக்டரிடம் அனுப்பினேன். பஞ்சால் ஒற்றியெடுத்து அனுப்பும் கிருமிச் சோதனைக்கு இரண்டு மூன்று நாளாகும். டாக்டர் அதுவரை காத்திருக்கவில்லை, அன்றே மருந்தைத் தொடங்கினார்.

இனிப்பு நீர் நாளடைவில் கால் நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். வலி இல்லை என்பதை வைத்துப் புண் ஆறுகிறது என்று சொல்லவே முடியாது.

ஒரு பயிற்சியில், ஊதா ஒளி பாய்ச்சும் கையடக்கக் கேமராவைப் பிடித்துப் பார்த்தேன். விளக்கை அணைத்து, 405 நானோமீட்டர் ஒளியைப் புண்ணின்மேல் காட்டினால், பல கிருமிகள் தம்மிடமுள்ள போர்ஃபிரின் என்ற பொருளால் சிவப்பாக ஒளிரும். சூடோமோனாஸ் கிருமி நீலப்பச்சையாகத் தெரியும். ஊசி இல்லை, சாயம் இல்லை, சில நிமிட வேலை. வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த ஓரத்தில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் அந்த ஒளி மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது, எலும்பில் உள்ள கிருமியைக் காட்டாது. கிருமி இருப்பதெல்லாம் நோய்த்தொற்றும் ஆகாது. புண்ணைப் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இன்னொன்று, மஞ்சள் அந்த ஒளியில் தானே பளிச்சென்று ஒளிரும். கேமராவையும் குழப்பும், என் கண்ணையும் மறைக்கும். தயவுசெய்து எதையும் பூசாமல், சுத்தமான துணியால் மூடிக்கொண்டு வாருங்கள். நாற்றம், புதிதாகக் கசியும் நீர், சூடு, வீக்கம் இருந்தால் அடுத்த தவணைவரை காத்திருக்காதீர்கள். காய்ச்சலோ நடுக்கமோ சேர்ந்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

அந்த அண்ணனுக்கு இரண்டு வாரத்தில் வித்தியாசம் ஒரு டிகிரிக்கு இறங்கியது. இப்போது தினமும் சாயங்காலம் அவர் மனைவி இரண்டு கால்களிலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறார்.