ஊரறியப் பேசி ஒரு ரகசியத்தை உருவாக்குவது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரிலிருந்து என் வீட்டுக் கணினிக்குக் கோப்புகளை நகலெடுக்க எஸ்சிபி, எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் என்று மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். இவற்றில் எது பாதுகாப்பானது? எல்லாம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது என்கிறார்களே, அப்படியானால் அந்த மறைகுறியைத் திறக்கும் சாவி முதன்முதலில் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது?"

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. எஸ்சிபியும் எஸ்எஃப்டிபியும் எஸ்எஸ்எச் என்னும் ஒரே நெறிமுறையின் மேல்தான் ஓடுகின்றன. ஆர்சிங்க்கையும் பொதுவாக அதன் மேல்தான் ஓட்டுகிறோம். ஆகவே வழியில் ஒட்டுக்கேட்பவனிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு மூன்றுக்கும் ஒன்றே. எஸ்எஸ்எச்சைச் செயல்படுத்தும் பரவலான நிரல் ஓப்பன்எஸ்எஸ்எச். 2022இல் வந்த அதன் 9.0 பதிப்பு முதல், எஸ்சிபி என்று தட்டச்சு செய்தாலும் உள்ளுக்குள் வேலை செய்வது எஸ்எஃப்டிபிதான். ஒரே கோப்புறையை அடிக்கடி நகலெடுப்பவருக்கு, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் நேரத்தை மிச்சப்படுத்தும். அவ்வளவுதான். இரண்டாவது கேள்வியோ அரை நூற்றாண்டுக்கு முன்புவரை விடையே இல்லாதது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த கேள்வி. இக்கட்டுரை அதைப் பற்றியது.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் கோப்புகளை அனுப்புவதற்கான எஃப்டிபி நெறிமுறையை 1971இல் வரைந்தவர் எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர்களில் ஒருவர். அன்றைய வலையமைப்பு சில பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைத்த சிறு வட்டம் என்பதால், எஃப்டிபி கடவுச்சொல்லை அப்படியே, எவரும் படிக்கக்கூடிய எழுத்துகளாகவே அனுப்பியது. வட்டம் விரிந்தபோது அதன் விலை தெரிந்தது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திரட்டியதைத் தொடர்ந்து, அங்கிருந்த தாத்து உலோனென் என்ற ஆய்வாளர் எஸ்எஸ்எச்சின் முதல் பதிப்பை எழுதி வெளியிட்டார். எஃப்டிபிக்கு 21, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவதற்கான டெல்நெட்டுக்கு 23 என்று கதவு எண்கள் (போர்ட்) ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்க, அவ்விரண்டுக்கும் மாற்றாக வந்த தன் நிரலுக்கு இடையில் காலியாக இருந்த 22ஐக் கேட்டுப் பெற்றார். இன்றும் எஸ்எஸ்எச் தட்டும் கதவு எண் அதுதான்.

இனிச் சாவிக்கு வருவோம். உங்கள் கணினியும் அந்தச் சர்வரும் இதற்கு முன் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. இடையில் உங்கள் இணையச் சேவை நிறுவனம், கடலடி வடம், பல நாடுகளின் ரூட்டர்கள் என எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் எவர் வேண்டுமானாலும் முதல் எழுத்திலிருந்து எல்லாவற்றையும் பதிவு செய்யலாம். சாவியை அனுப்பினால் அதுவும் அவர்கள் கையில் கிடைக்கும். சாவியைப் பூட்டி அனுப்பலாம் என்றால் அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியேறும் வழியை 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே அந்தத் திசையில் தனியாகச் சிந்தித்தவர் ரால்ஃப் மெர்க்கிள். பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூவிலும் இதே வழியை முன்னரே கண்டுபிடித்துப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள் என்பது 1997இல்தான் வெளியே வந்தது. அவர்கள் கண்ட விடை: சாவியை அனுப்பவே வேண்டாம், இரு பக்கமும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே சாவிக்கு வந்து சேரலாம்.

சிறிய எண்களை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும். 29 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் எந்த எண் வந்தாலும் அதை 29ஆல் வகுத்து, ஈவை எறிந்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 12ஐத் தாண்டியதும் மறுபடி 1இலிருந்து தொடங்கும் கடிகாரத்தில் மணி பார்ப்பதைப் போலத்தான் இது. இப்போது 2இன் அடுக்குகளை வரிசையாக எழுதுங்கள்: 2, 4, 8, 16. அடுத்து 32 வர வேண்டும்; 29 போக மீதி 3. அதன் பின் 6, 12, 24. அடுத்து 48, மீதி 19. பிறகு 9, 18, 7, 14, 28, 27, 25, 21, 13, 26 என்று போகிறது. ஏறுவதும் இறங்குவதுமாக, அடுத்தது என்ன என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாத வரிசை இது. 28 படிகளில் 1 முதல் 28 வரையிலான எல்லா எண்களையும் சரியாக ஒருமுறை தொட்டுவிட்டு 1இல் வந்து முடியும். பகா எண்ணையும் அடிப்படை எண்ணையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் இப்படி ஒன்றுவிடாமல் சுற்றும்.

இந்த 29ஐயும் 2ஐயும் மறைக்க வேண்டியதில்லை, ஊருக்கே அறிவித்துவிடலாம். உங்கள் வீட்டுக் கணினி தனக்குள் 11 என்ற எண்ணை ரகசியமாக நினைத்துக்கொண்டு, 2இன் 11ஆம் அடுக்கைக் கணக்கிட்டு, 18 என்ற மீதியை அனுப்புகிறது. சர்வர் தனக்குள் 17ஐ நினைத்துக்கொண்டு, 2இன் 17ஆம் அடுக்கான 21ஐ அனுப்புகிறது. இரண்டும் திறந்த வெளியில் போகின்றன. வீட்டுக் கணினி, தனக்கு வந்த 21ஐத் தன் ரகசியமான 11ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது. சர்வர், தனக்கு வந்த 18ஐத் தன் ரகசியமான 17ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது. இரண்டு பேருக்கும் கிடைப்பது 26. முதலில் 11 இரண்டுகளைப் பெருக்கி, வந்த விடையை 17 முறை எடுத்துப் பெருக்கினாலும், முதலில் 17 இரண்டுகளைப் பெருக்கி, வந்த விடையை 11 முறை எடுத்துப் பெருக்கினாலும் மொத்தத்தில் பெருக்கப்பட்டது 187 இரண்டுகள்தாம் என்ற பள்ளிக்கூட அடுக்கு விதி ஒன்றே இதற்குக் காரணம். 26 என்ற எண் கம்பியில் எங்குமே பயணிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒட்டுக்கேட்டவனிடம் 29, 2, 18, 21 ஆகிய நான்கும் இருக்கின்றன, 26 இல்லை.

18ஐயும் 21ஐயும் வைத்துக்கொண்டு அவன் 26ஐக் கண்டுபிடிக்கக் கூடாதா? இங்கேதான் இந்த ஏற்பாட்டின் முழு அழகும் இருக்கிறது. 21இன் 11ஆம் அடுக்கைக் கணக்கிட, 21ஐப் பத்து முறை பெருக்கத் தேவையில்லை. 21ஐ அதனாலேயே பெருக்கினால் 441, மீதி 6. இது இரண்டாம் அடுக்கு. 6ஐ அதனாலேயே பெருக்கினால் 36, மீதி 7, நான்காம் அடுக்கு. 7ஐ அதனாலேயே பெருக்கினால் 49, மீதி 20, எட்டாம் அடுக்கு. 11 என்பது 8, 2, 1 மூன்றின் கூட்டல். ஆகவே 20, 6, 21 மூன்றையும் பெருக்கினால் 2520, மீதி 26. ஐந்தே பெருக்கல்களில் வேலை முடிந்தது. ஒவ்வொரு படியிலும் அடுக்கு இரட்டிப்பாவதால், ரகசிய எண் 617 இலக்கங்கள் கொண்ட பூதமாக இருந்தாலும் சில ஆயிரம் பெருக்கல்களில் உச்சிக்குப் போய்விடலாம். கீழே இறங்குவதற்கோ இப்படிப்பட்ட குறுக்குவழி எதுவும் இல்லை. 18 என்பது 2இன் எத்தனையாவது அடுக்கு என்று கேட்டால், நம் குட்டி எடுத்துக்காட்டில் வரிசையை எழுதி எண்ணிவிடலாம். 617 இலக்கப் பகா எண்ணில் அந்த வரிசையை எழுத இப்பிரபஞ்சத்தின் வயது போதாது. வரிசையாக எண்ணுவதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழிகளைக் கணிதவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவையும் அந்த அளவு எண்ணின் முன் கைவிரித்துவிடுகின்றன. இறங்குவது கடினம் என்று இதுவரை யாரும் நிறுவவில்லை, எளிய வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதே நிலவரம். உலகின் வங்கிக் கணக்குகள் பலவும் இத்தகைய நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன.

இன்றைய எஸ்எஸ்எச்சில் பெரும்பாலும் ஓடுவது இதே கணக்கின் இன்னொரு வடிவம். பெருக்கலுக்குப் பதிலாக ஒரு வளைகோட்டின் மேலுள்ள புள்ளிகளை ஒன்றோடொன்று கூட்டுவார்கள். டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த அந்த வளைகோட்டுக்கு 'கர்வ்25519' என்று பெயர். 2இன் 255ஆம் அடுக்கிலிருந்து 19ஐக் கழித்தால் வரும் பகா எண்ணே அதற்கு அடிப்படை. இதில் எதிரெதிர்த் திசைகளில் அனுப்பப்படுபவை வெறும் 32 பைட்டுகள். கிடைத்த பொது ரகசியத்தை அரைத்துக் கலக்கி, போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாகச் சாவிகளைச் செய்துகொண்டு, அதன் பிறகே ஏஇஎஸ் அல்லது சாச்சா20 போன்ற மறைகுறியாக்க முறை கோப்பைப் பூட்டத் தொடங்கும். வேலை முடிந்ததும் இரு பக்கமும் தத்தம் ரகசிய எண்களை அழித்துவிடுகின்றன. ஆகவே நாளை சர்வரே திருடன் கையில் போனாலும், நேற்றுப் பதிவு செய்த போக்குவரத்தை அவன் திறக்க முடியாது. ஒரு ஜிகாபைட் அனுப்பிய பின்னோ ஒரு மணி நேரம் கழிந்த பின்னோ புதுச் சாவி செய்துகொள்வது நல்லது என்று நெறிமுறையின் ஆவணம் பரிந்துரைக்கிறது. பெரிய கோப்பு ஒன்று வந்துகொண்டிருக்கும்போதே இடையில் மேற்சொன்ன கணக்கு மறுபடி நடந்து முடிந்திருக்கலாம், நமக்குத் தெரிவதில்லை.

இவ்வளவு செய்தும் ஓட்டை ஒன்று மீதமிருக்கிறது. நீங்கள் ரகசியம் உண்டாக்கிக்கொண்டது யாருடன்? நடுவில் ஒருவன் உட்கார்ந்து, உங்களிடம் சர்வராகவும் சர்வரிடம் நீங்களாகவும் நடித்தால், உங்களோடு ஒரு சாவியும் அதனோடு வேறொரு சாவியும் அழகாக உண்டாகும். கணக்கில் ஒரு பிழையும் இராது. ரகசியமாகப் பேசுவது வேறு, உரியவரிடம் பேசுவது வேறு. இரண்டாவதற்காகச் சர்வர் நிரந்தரச் சாவி இணை ஒன்றை வைத்திருக்கிறது: கையொப்பமிட ஓர் அந்தரங்கச் சாவி, அந்தக் கையொப்பத்தைப் பிறர் சரிபார்க்க ஒரு பொதுச் சாவி. இரு பக்கமும் பரிமாறிய எண்கள், கிடைத்த பொது ரகசியம் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கி, அச்சுருக்கத்தின் மேல் அந்த அந்தரங்கச் சாவியால் அது கையொப்பம் இடும். நடுவில் நிற்பவனின் இரண்டு உரையாடல்களிலும் எண்கள் வேறு வேறு என்பதால், உண்மையான சர்வரின் கையொப்பத்தை எடுத்து உங்களிடம் நீட்ட அவனால் முடியாது.

ஆனால் அது உண்மையான சர்வரின் சாவிதான் என்று உங்கள் கணினிக்கு யார் சொன்னது? முதல்முறை இணையும்போது திரையில் ஒரு கேள்வி வருமே: இந்தச் சர்வர் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை, அதன் கைரேகை இது, தொடரலாமா? சர்வரின் பொதுச் சாவியை எஸ்எச்ஏ-256 முறையில் சுருக்கிப் பெற்ற, 43 எழுத்துகள் கொண்ட அந்தக் கைரேகையைப் படிக்காமலேயே 'யெஸ்' என்று அடித்துவிட்டு நகர்வதுதான் நம்மில் மிகப் பலரின் வழக்கம். ஆயுத பூசையன்று சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. படிக்காமல் அடிக்கும் இந்த 'யெஸ்' என்ற மந்திரம்தான் உண்மையிலேயே தீங்கான மூடநம்பிக்கை. சர்வரை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பலவும் உலாவி வழியாகவே அதன் திரையைக் காட்டும் வசதியைத் தருகின்றன. அதில் நுழைந்து, எஸ்எஸ்எச்-கீஜென் கருவியைக் கொண்டு கைரேகையை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். ஒருமுறை ஒப்புக்கொண்டால் உங்கள் கணினி அதை 'நோன் ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, பின்னொரு நாள் சாவி மாறியிருந்தால் கொட்டை எழுத்தில் எச்சரித்து இணைய மறுத்துவிடும். சர்வரில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியிருந்தாலும் அந்த எச்சரிக்கை வரும். ஆனால் நிறுவியது நீங்கள்தானா என்று நினைவுபடுத்திப் பார்த்த பிறகே பழைய வரியை நீக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் கடவுச்சொல்லைவிடச் சாவிக் கோப்பு மூலம் நுழைவது மேல் என்கிறேன். போலிச் சர்வரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது போனது போனதுதான். சாவி முறையிலோ அந்தரங்கச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியேறுவதில்லை. கையொப்பம் மட்டுமே போகிறது, அதுவும் அந்த ஒரு உரையாடலுக்கு மட்டுமே செல்லும்.

கணக்கு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதை நிரலாக எழுதிப் பராமரிப்பவர்கள் மனிதர்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியபோது, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலுக்குள் எவரோ திட்டமிட்டு நுழைத்திருந்த கள்ளக்கதவு அகப்பட்டது. லினக்ஸின் சில வகைகளில் எஸ்எஸ்எச் சர்வர் அந்த நிரலையும் சுற்றுவழியில் இழுத்துக்கொள்வதால், தாக்குதலின் குறி எஸ்எஸ்எச்சாக இருந்தது. உலகமெங்கும் கணினிகளில் இருக்கும் அந்த நிரலை ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிப் பராமரித்து வந்தவர் அநேகமாக ஒரே ஒருவர். அவருக்கு உதவி செய்வதுபோல நுழைந்தவர்தான் வேலையைக் காட்டியது. புதிய கண்டுபிடிப்புக்கும் ஆய்வுக்கட்டுரைக்கும் நிதி ஒதுக்கும் அரசுகள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கவனமாகப் படித்துத் திருத்தும் வேலைக்குக் கை நீட்டுவது அபூர்வம். அந்தப் பணியையும் ஆய்வாகவே கருதி, நம் பல்கலைக்கழகங்களும் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இறங்குவதற்குக் குறுக்குவழி இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. போதுமான அளவுக்குப் பெரிய குவாண்டம் கணினி ஒன்று அமைந்தால் அந்தப் படிகளில் விரைவாக இறங்கிவிடலாம் என்று 1994இலேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். வளைகோட்டுக் கணக்கும் அதற்குத் தப்பாது. அத்தகைய கணினி இன்று இல்லை. ஆனால் இன்றைய போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்து, அது வரும் நாளில் திறந்துகொள்ளலாம் என்று காத்திருப்பவனை என்ன செய்வது? ஓப்பன்எஸ்எஸ்எச் அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. 9.0 பதிப்பு முதல், கர்வ்25519 கணக்கோடு, குவாண்டம் கணினிக்கும் கடினமென்று கருதப்படும் வேறொரு கணக்கையும் சேர்த்துப் போட்டு, இரண்டின் விடைகளையும் கலந்தே சாவியைச் செய்கிறது. இரண்டும் உடைந்தால்தான் சாவி வெளிப்படும். இரு முனைகளிலும் புதிய பதிப்பு இருந்தால் மட்டுமே இது நடக்கும் என்பதால், கேள்வி கேட்ட வாசகர் தம் வீட்டுக் கணினியில் மட்டுமல்லாமல் ஜெர்மனியில் இருக்கும் சர்வரிலும் ஓப்பன்எஸ்எஸ்எச் எந்தப் பதிப்பு என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.