செகண்டரி நேம் செர்வர்: வழி வழங்கி என்போம்

செகண்டரி நேம் செர்வரைக் 'காப்பு வழங்கி' என்று எழுதும் வழக்கம் இங்கே கோலாலம்பூரில் பயிற்சிக் குறிப்பு வரை வந்துவிட்டது. இது தவறு, ஆளைத் திசைதிருப்பும் தவறு.

டொமைன் பெயரை, அதாவது தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரி என்னும் எண் முகவரியைச் சொல்வது பெயர் வழங்கி (நேம் செர்வர்). ஆர்.எஃப்.சி. என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1987-இல் வந்த 1034, 1035 இரண்டும் இதன் அடிப்படை ஆவணங்கள். பதிவுகளை நாம் திருத்தும் இடம் பிரைமரி. அதைப் படியெடுத்து வைத்திருப்பது செகண்டரி. 'பின்தொடர்' என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். வேர்க்கதை அவ்வளவுதான்.

'காப்பு' என்றதும் என்ன நினைப்போம்? முதலாவது படுத்தால்தான் இதற்கு வேலை என்று. உண்மையில் இரண்டும் எந்நேரமும் பதில் சொல்கின்றன, இரண்டின் பதிலும் அதிகாரபூர்வமானவை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் தளம் வேறு செர்வருக்கு மாறியது. சிலருக்குப் புதிய பக்கம் வந்தது, சிலருக்குப் போன வருடத் தைப்பூச அறிவிப்பே வந்தது. பராமரித்தவர் பிரைமரியையே குடைந்துகொண்டிருந்தார், மற்றது காப்புதானே! பெயர் வழங்கியிடம் நேரே கேட்க உதவும் டிக் கட்டளையால், சீரியல் நம்பர் இருக்கும் எஸ்.ஓ.ஏ. பதிவை இரண்டிடமும் கேட்டோம். இரண்டிலும் 2025011402 என்ற ஒரே எண், ஆனால் தள முகவரி வேறு வேறு. பதிவைத் திருத்தியவர் எண்ணைக் கூட்டவில்லை. செகண்டரி அவ்வப்போது வந்து அந்த எண்ணைத்தான் பார்க்கும். கூடவில்லை என்றால் படியெடுக்காது. கடைசி இலக்கத்தை 3 ஆக்கி, ரீலோட் செய்ததும் சரியானது. எண் கூடியும் படி பழசாகவே இருந்தால், படி வந்து சேரும் டிசிபி 53 என்ற போர்ட் அடைபட்டுள்ளதா, படியெடுக்க அனுமதி உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

'இரண்டாம் தர வழங்கி' இன்னும் மோசம். தரத்தில் என்ன குறை கண்டார்கள்? 'துணை' என்றாலும் எடுபிடி போலத் தொனிக்கிறது. நன்னூல் முதனூல், வழிநூல் என்று பிரிக்கிறதே, அதுபோல முதல் வழங்கி, வழி வழங்கி என்று சொல்லலாம். வழிநூலார் தம் கருத்தையும் சேர்ப்பாரே, செகண்டரி ஓர் எழுத்தும் மாற்றாதே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் முதலைப் பின்பற்றி வருவது, முடிபில் அதனோடு ஒத்துப்போவது என்ற இரண்டும் 'வழி'யில் உண்டு. 'காப்பு' என்பதில் ஒன்றுகூட இல்லை. கணினிமுன் உட்காராமல் அகராதியை மட்டும் புரட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு படுவதே இல்லை.

சீரியல் நம்பரை 'வரிசை எண்' என்பதும் இவர்கள் வேலைதான். 'பதிப்பு எண்' என்று எழுதுங்கள். பதிவைத் திருத்தினால் எண்ணும் மாற வேண்டும் என்பதை அந்தச் சொல்லே நினைவூட்டும்.