கிளட்ச் தட்டு மாற்றிய பின் முதலில் கேபிளைத் தொடாதீர்கள்

மோட்டார் சைக்கிளின் புதிய கிளட்ச் தட்டுகளை வீட்டுப் பின்புறத்தில் தாங்களே மாற்றிக்கொண்டு, மறுநாளே வண்டியைத் தள்ளிவந்து, "கேபிளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கொடுங்கள் அண்ணே, சரியாகிவிடும்" என்று கேட்கும் தம்பிகள் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெருகிக்கொண்டே வருகிறார்கள். அண்மையில் ஒருவரின் வண்டியை அவருடைய உறவினர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய சாலையைத் தொடும் இடத்தில், முதல் கியரில் கிளட்ச் லிவரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி அவர் காத்திருந்தபோது, வண்டி தானாக முன்னால் நகர்ந்து, செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரியின் பக்கவாட்டில் மோதியிருக்கிறது. கால் எலும்பு முறிவோடு பிழைத்துக்கொண்டார். அந்த வண்டியின் கவரைத் திறந்து பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இங்கே பேசுவது யமஹா ஒய்15, ஹோண்டா ஆர்எஸ்150 போன்ற, கையால் கிளட்ச் பிடித்து ஓட்டும் வண்டிகளைப் பற்றி. லிவரே இல்லாத ஹோண்டா இஎக்ஸ்5 வகைக் கப்சாய்களுக்குச் (சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கு) சரிசெய்யும் முறை வேறு. இதைப் படித்துவிட்டு அவற்றின் திருகைத் திருப்ப வேண்டாம்.

என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கடத்துவதும், லிவரை அழுத்தும்போது அதைத் துண்டிப்பதும் கிளட்ச் தட்டுகளின் வேலை; லிவரின் இழுப்பைத் தட்டுகளுக்குக் கொண்டுபோவது கேபிள். கிளட்சுக்கு வரும் கோளாறுகள் இரண்டு வகை. அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. லிவரை விட்ட பிறகும் தட்டுகள் ஒன்றையொன்று முழுதாகப் பிடிக்காமல் வழுக்குவது ஒன்று: என்ஜின் இரையும், வேகம் ஏறாது, மேட்டில் ஏறும்போது கருகிய வாடை வரும். லிவரை அழுத்திய பிறகும் தட்டுகள் பிரியாமல் ஒட்டி இழுப்பது மற்றொன்று: முதல் கியர் போட்டவுடன் வண்டி குதிக்கும் அல்லது அணைந்துபோகும், நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காது, லிவரைப் பிடித்திருக்கும்போதே வண்டி ஊர்ந்து போகும். முன்னதற்குச் செய்யும் மருத்துவம் பின்னதைக் கெடுக்கும். ஆகவே எது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. என்ஜினை அணைத்து, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, கியரைப் போட்டு, லிவரை முழுதாக அழுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எண்ணெயின் கனத்தால் சற்று இறுக்கமாக இருக்கலாம். ஆனாலும் சுற்ற வேண்டும். அடம்பிடித்தால் தட்டுகள் பிரியவில்லை என்று பொருள்.

இனி என்னை மிகவும் வருத்தும் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். லிவரை இழுக்கத் தொடங்கும்போது, எந்த எதிர்ப்பும் இல்லாமல் அது சிறிது தூரம் வெறுமனே நகர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் லிவரின் நுனியில் அளந்தால் இந்தத் தளர்வு 10 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கிறது. பலர் இந்தத் தளர்வைக் கோளாறு என்றே நினைக்கிறார்கள். தொட்டவுடன் விறைப்பாக நிற்கும் லிவர்தான் நல்ல கிளட்சுக்கு அடையாளம் என்று நண்பர்கள் சொல்லக் கேட்டு, அதை முற்றிலும் இல்லாமலாக்கிவிடுகிறார்கள். அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங்குகளின் விசை. லிவர் செய்வதெல்லாம் அந்த விசையை விலக்குவது மட்டுமே. தளர்வே இல்லாத கேபிள், நீங்கள் கையை எடுத்த பிறகும் ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பங்கை விலக்கியபடியே இருக்கும். கதவை முழுதாகச் சாத்த முடியாதபடி நிலைக்கும் கதவுக்கும் இடையே ஒரு சிறு கட்டையைச் செருகி வைப்பது போன்றது அது. தட்டுகள் நாள் முழுவதும் மெல்ல வழுக்கித் தேய்ந்து, சூடேறி, இரும்புத் தட்டுகள் நீலம் பாரித்து, வாங்கிய புதிய தட்டுகள் சில வாரங்களிலேயே கருகிப்போகும்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தட்டுகள் தேயத் தேய லிவரின் தளர்வு குறையும். கேபிள் நீள நீள அது கூடும். பழைய தேய்ந்த தட்டுகளுக்கு ஏற்றபடி சரிசெய்த கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் புதிய தடித்த தட்டுகளைப் பூட்டினால், தளர்வு திடீரென்று அதிகமாகத் தெரிவது இயல்பே. இதற்குத் தீர்வு கண்ட இடத்தில் இறுக்குவது அன்று. முதலிலிருந்து முறையாக அமைப்பதே. கைப்பிடி அருகே உள்ள திருகை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, என்ஜின் பக்கத்துத் திருகையும் தளர்த்தி, கவரின்மேல் கேபிள் இழுக்கும் சிறு கை கையேட்டில் காட்டிய குறிக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு என்ஜின் பக்கத்தில் பெரும்பங்கு தளர்வை நீக்கி, கடைசியில் கைப்பிடியில் நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும். இந்த வரிசையில் அமைத்தும் கிளட்ச் பிரியாவிட்டால் குற்றம் கேபிளில் இல்லை, உள்ளே இருக்கிறது; அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

அடிபட்ட தம்பியின் வண்டியில் கேபிள் அதன் எல்லைவரை இறுக்கப்பட்டிருந்தது. தட்டுகளை வெளியே தாங்கும் கூடைக்கும் உள்ளே தாங்கும் நடு ஹப்புக்கும் இடையே இருக்க வேண்டிய வாஷர் அங்கே இல்லை; அதை அவருடைய அண்ணன் மறுநாள் வீட்டு மேசையிலிருந்து எடுத்துவந்து தந்தார். அது இல்லாததால் ஹப் கூடையோடு நேரே உரசி, லிவரை எவ்வளவு அழுத்தினாலும் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கடத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

பூட்டும்போது மறக்கப்படுவது வாஷர் மட்டுமன்று. உராய்வுத் தட்டும் இரும்புத் தட்டும் மாறி மாறி வந்து, முதலிலும் கடைசியிலும் உராய்வுத் தட்டே அமைவதுதான் வழக்கமான முறை. இரண்டு ஒரே வகைத் தட்டுகள் அடுத்தடுத்து நின்றால் கிளட்ச் வழுக்கும். சில என்ஜின்களில் கடைசி உராய்வுத் தட்டின் காதுகள் கூடையின் வேறு காடியில் உட்கார வேண்டும். ஸ்பிரிங்கின் விசையை மற்றத் தட்டுகள்மேல் செலுத்தும் அழுத்தத் தட்டில் அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அது ஹப்பின் குறியோடு சேர வேண்டும். சேராவிட்டால் அது முழுதாக உட்காராது, ஆனால் போல்ட்டுகள் இறுகியது போலவே தோன்றும். கூடையின் விரல்களில் பழைய தட்டுகள் இடித்து ஏற்படுத்திய பள்ளங்கள் இருந்தால் புதிய தட்டுகள் அவற்றில் மாட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். தட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கூடையைப் பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம். கவரை மூடும் முன், அழுத்தத் தட்டை விலக்கும் தண்டு இடத்தில் உள்ளதா, அதில் பற்கள் இருந்தால் அவை கேபிள் இழுக்கும் சிறு கையின் பற்களோடு கோத்துள்ளனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அவை 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள்; ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் போதும். முரட்டுக் கைகளால் அலுமினியத் தூண் உடைந்துபோன ஹப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங்குக்கு அடியில் கூடுதல் வாஷர் வைத்து "பவர்" கூட்டுகிறோம் என்பவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அதைச் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கின் சுருள்கள் முன்னதாகவே நெருங்கி முட்டிக்கொண்டு, அழுத்தத் தட்டு தேவையான அளவு விலக இடமில்லாமல் போகும். ஸ்பிரிங்கின் நீளம் வரம்புக்குக் கீழே இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக மாற்றுங்கள்.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய உராய்வுத் தட்டுகளை உலர்ந்த நிலையில் பூட்டாதீர்கள். முந்தைய இரவே என்ஜின் எண்ணெயில் ஊறப் போடுங்கள். ஊற்றும் எண்ணெயின் போத்தலில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கட்டும். எண்ணெயில் நனைந்து இயங்கும் கிளட்சுக்காகவே ஜப்பானியர் 1998இல் அந்தத் தரத்தை வகுத்தார்கள். எம்பி என்ற குறி இத்தகைய கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. காருக்கு வாங்கியதில் மிச்சமானதை ஊற்றாதீர்கள். எரிபொருள் சேமிக்க உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் அவற்றில் பலவற்றில் கலந்திருக்கும், அவை தட்டுகளை வழுக்கச் செய்யும்.

தம்பிகளே, வீட்டில் வேலை செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை கற்றுக்கொள்வது நல்லது. கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே பரப்பி வையுங்கள், ஒவ்வொரு படியிலும் படம் எடுத்து வையுங்கள், மூடும்போது ஒரு வாஷர் மிஞ்சினாலும் மீண்டும் திறந்து பாருங்கள். முதல் ஓட்டத்தை ஈப்போ சாலையில் வைத்துக்கொள்ளாமல், ஆள் நடமாட்டமில்லாத திடலில் முதல் கியரில் நின்று, லிவரை அழுத்தியபடி வண்டி அசையாமல் நிற்கிறதா என்று பல முறை சோதித்துவிட்டு, சில நாள் ஓடிய பின் தளர்வை மறுபடியும் அளந்து பாருங்கள். புதிய தட்டுகள் படியும்போது அது மாறும்.