ஹாப்ஸ் மாத்திரையும் குடலுக்குள் ஒரு பாக்டீரியாவும்

ஐம்பதைத் தாண்டிய வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மாதவிடாய் நின்றுகொண்டிருக்கும் காலம். நடுராத்திரியில் உடம்பு திடீரெனச் சூடாகி வியர்த்துக் கொட்டுகிறது. அதற்குப் பிறகு தூக்கம் வருவதில்லை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் ஹாப்ஸ் சாறு அடங்கிய மாத்திரை வாங்கி அனுப்பியிருக்கிறார். “மூலிகைதானே, டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா? பீரில் போடுவது என்கிறார்களே, போதை ஏறுமா?”

போதை ஏறாது. பீரின் போதை ஆல்கஹாலால் வருவது. ஹாப்ஸ் அதற்குக் கசப்பும் மணமும் தருகிறது, அவ்வளவுதான். கஞ்சாவும் ஹாப்ஸும் ஒரே தாவரக் குடும்பம் என்பது உண்மை. ஆனால் கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் ஹாப்ஸில் கிடையாது. முதல் கேள்விக்குத்தான் பதில் நீளமானது.

ஹாப்ஸ் குளிர்நாட்டுக் கொடி. பவேரியாவின் ஹாலர்டாவ், செக் நாட்டின் ஜடெட்ஸ், அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு ஆகியவை பேர்போன விளைநிலங்கள்; இந்தியாவில் ஹிமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிராகிறது. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பயன்படுவது பெண் கொடியின் கூம்பு. காய்ந்த கூம்பு ஒன்றை எடுத்து இதழ் இதழாகப் பிரித்தால், ஒவ்வொரு இதழின் அடியிலும் மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருக்கும். பார்த்தால் மகரந்தம் போலத் தோன்றும், மகரந்தம் அல்ல. லூபுலின் என்ற பிசின் நிறைந்த நுண்சுரப்பிகள் அவை. விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும், நெடி தூக்கலாக அடிக்கும். கசப்பு, மணம், மருந்து எல்லாம் அந்த மஞ்சள் பொடிக்குள்தான்.

கசப்பு அமிலங்கள் பல வகைப் பாக்டீரியாக்களின் செல் சவ்வைக் குலைத்து அவற்றை வளரவிடாமல் செய்கின்றன. இந்தக் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கிறது என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் எழுதிவைத்தார். 1516-இல் பவேரியாவில் பீருக்குச் சட்டம் போட்டபோது தண்ணீர், பார்லியோடு ஹாப்ஸையும் கட்டாயமாக்கினார்கள்.

தூக்கத்துக்கு வருவோம். பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் ஹாப்ஸ் தேநீர் குடிப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழுவான ‘கமிஷன் இ’ அதை ஏற்றது. ஒரு வேளைக்கு அரை கிராம் கூம்பு என்றது. ஐரோப்பிய மருந்து முகமையும் ஏற்றிருக்கிறது, ஆனால் ‘மரபுவழிப் பயன்பாடு’ என்ற தலைப்பின் கீழ்தான். நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது, பெரிய தீங்கு தெரியவில்லை என்பது அதன் பொருள். வேலை செய்கிறது என்று சோதித்து நிரூபித்ததாகப் பொருள் அல்ல. கூம்பைச் சேமித்து வைக்கும்போது கசப்பு அமிலங்கள் உடைந்து மெத்தில்பியூட்டினால் என்ற சிறிய ஆல்கஹால் உருவாகிறது. அது எலிகளை மந்தமாக்குகிறது. மனிதர்களிடம் நடந்த தூக்கச் சோதனைகளில் பெரும்பாலானவை ஹாப்ஸை வலேரியன் என்ற இன்னொரு தூக்க மூலிகையின் வேரோடு கலந்து கொடுத்தவை. பலன் தெரிந்தாலும் அது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

என்னை வியக்க வைப்பது தூக்கக் கதை அல்ல, அடுத்த கதை. ஹாப்ஸ் தோட்டங்களில் அறுவடைக்குப் போகும் பெண்களுக்கு மாதவிடாய் முறை தவறும் என்ற பேச்சு ஐரோப்பாவில் வெகுகாலமாக உண்டு. கிராமத்துப் பேச்சு என்று அதைத் தள்ளிவிடாமல், அந்தக் கூம்பில் பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப் போல நடக்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடினார்கள். லண்டன் ஆய்வாளர்களும் பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) நகர ஆய்வாளர்களும் சேர்ந்து 1999-இல் அதை அடையாளம் கண்டார்கள். பெயர் 8-பிரினைல்நரிஞ்செனின். சுருக்கமாக 8-பிஎன் என்போம்.

பம்பளிமாஸ் பழத்தின் கசப்புப் பொருளிலிருந்து கிடைக்கும் நரிஞ்செனின் என்ற மூலக்கூறில் ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு வால் முளைத்தால், அதுதான் 8-பிஎன். வால் எட்டாம் இடத்தில் இருந்தால் அது செல்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தும் இடமான ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஈஸ்ட்ரோஜனைப் போல நடக்கும் சோயாவின் ஜெனிஸ்டீனை விட வலுவாகவே வேலை செய்கிறது. அதே வால் ஆறாம் இடத்தில் இருந்தால் அந்த வலு ஏறக்குறைய போய்விடுகிறது. நம் உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ரடயாலோடு ஒப்பிட்டால் 8-பிஎன் பல மடங்கு பலவீனமானதுதான். ஆனாலும் தாவர உலகில் இதற்கு ஈடான ஈஸ்ட்ரோஜன்கள் மிகக் குறைவு.

கூம்பில் 8-பிஎன் மிகச் சொற்பமாகவே இருக்கிறது. நிறைய இருப்பது சாந்தோஹ்யூமால் என்ற வேறொரு பொருள். காய்ச்சும் வெப்பத்திலும் வயிற்று அமிலத்திலும் அதன் கட்டமைப்பு வளைந்து மூடிக்கொண்டு ஐசோசாந்தோஹ்யூமால் ஆகிறது. இந்த ஐசோசாந்தோஹ்யூமாலையும் 8-பிஎன்-னையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். ஐந்தாம் இடத்தில் ஒரே ஒரு மெத்தில் தொகுதி, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். வேறு வித்தியாசமே இல்லை. அந்தச் சின்னஞ்சிறு தொகுதி ஒட்டியிருக்கும் வரை மூலக்கூறின் ஈஸ்ட்ரோஜன் குணம் மிகச் சொற்பம். அதைக் கழற்றிவிட்டால் கையில் இருப்பது ஹார்மோன் வேலை செய்யும் பொருள்.

கழற்றுவது யார்? கல்லீரலின் நொதி ஒன்று கொஞ்சம் கழற்றுகிறது. பெரும்பங்கு வேலையைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியா செய்கிறது. யூபாக்டீரியம் லிமோசம் அதற்கு வல்லது. கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. மெத்தில் தொகுதியைப் பிடுங்கி, கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து, அசிட்டேட் ஆக்கி, அதில் கிடைக்கும் ஆற்றலில் பிழைக்கிறது. அதற்கு ஹார்மோனைப் பற்றிய அக்கறை எதுவும் கிடையாது. மாடு தவிட்டைத் தின்ன, அரிசி நமக்கு மிஞ்சுவது போல, அது தின்றது போக மீந்த பொருள் நம் ரத்தத்தில் கலந்து ஈஸ்ட்ரோஜனாக நடக்கிறது.

இந்த மாற்றம் எல்லோருடைய குடலிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. சிலரிடம் மளமளவென்று நடக்கிறது, சிலரிடம் அரைகுறையாக, சிலரிடம் அனேகமாக இல்லை. மாற்றம் நடக்காத ஒருவரின் மல மாதிரியில் இந்தப் பாக்டீரியாவைச் சேர்த்தபோது 8-பிஎன் உருவாகத் தொடங்கியது. ஆகவே ஒரே மாத்திரை அக்காவுக்கு ஒரு மருந்து, தங்கைக்கு வேறொரு மருந்து. நடுவில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குடல் பாக்டீரியாக்கள் குலைந்தால், ஒரே ஆளுக்கே கணக்கு மாறக்கூடும்.

சரி, ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் இந்த வியர்வைக்குப் பலன் உண்டா? பெல்ஜியத்தில் 67 பெண்களிடம் 12 வாரம் சோதித்தார்கள். சிலருக்கு வெற்று மாத்திரை, சிலருக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் 8-பிஎன் உள்ள சாறு, மற்றவர்களுக்கு 250. ஆறாவது வாரத்தில் 100 மைக்ரோகிராம் குழு வெற்று மாத்திரைக் குழுவை விடத் தெளிவாகத் தேறியிருந்தது. அளவு கூடிய 250 குழுவில் பலன் கூடவில்லை. பன்னிரண்டாவது வாரத்தில் வெற்று மாத்திரையோடு இருந்த வேறுபாடு தெளிவாக இல்லை. நம்பிக்கை தரும் ஆரம்பம் என்பேன், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. காப்புரிமை எடுக்க முடியாத பழைய மூலிகைக்குப் பெரிய மருத்துவச் சோதனை நடத்தப் பணம் போட எந்த நிறுவனத்துக்கும் அவசரமில்லை. அதனால் அரசுப் பணம்தான் வர வேண்டும். நம் நாட்டில் மரபு மருத்துவத்துக்கென்று 2014 முதல் தனி அமைச்சகமே இருக்கிறது. நாம் காலங்காலமாகக் குடிக்கும் கஷாயங்கள் நம் மக்களின் குடலில் என்னவாக மாறுகின்றன என்று அளந்து பார்க்க அந்தப் பணத்தில் ஒரு பங்கு போனால், விழாக்களுக்கும் விளம்பரத்துக்கும் போவதை விட எவ்வளவோ மேல். ‘இயற்கையானது, பக்கவிளைவே இல்லை’ என்ற பேச்சுதான் இந்த வேலையை நடக்கவிடாமல் செய்கிறது. பலன் தரும் பொருள் உடலில் ஏதோ ஒன்றை மாற்றித்தான் பலன் தருகிறது. அது மாற்றக்கூடாததையும் மாற்றலாம்.

எனவே, அம்மா, உங்கள் கேள்விக்கான பதில். தூக்க மாத்திரையோடு ஹாப்ஸைச் சேர்க்காதீர்கள். இரண்டும் ஒன்றாகி மந்தத்தைக் கூட்டலாம். சாப்பிட்ட பிறகு வண்டி ஓட்டக்கூடாது. உங்களுக்கு மார்பகத்திலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால், அல்லது ஹார்மோன் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், இந்த மாத்திரையைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் ஆகாது. அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே நிறுத்திவிட்டு மயக்க மருந்து தருபவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் புட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்: ஹாப்ஸ் தின்ற நாய்களுக்கு உடல்சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிர் போனதை 1997-இலேயே கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவற்றில் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, தூக்க மாத்திரையும் வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்கிறார் என்றால், மகளிடம் அட்டைப் பெட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு மாத்திரையில் 8-பிரினைல்நரிஞ்செனின் எத்தனை மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். ‘ஹாப்ஸ் சாறு’ என்று மட்டும் போட்டிருந்தால் என்ன அளவு சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டராலும் சொல்ல முடியாது. அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.