அசல் படங்களின் மேல் மோக்ரிஃபையை ஓட்டாதீர்கள்

கோணேசர் கோயில் தேர்ப் படங்கள், நிலாவெளி விடுதி அறைப் படங்கள், கல்யாண அல்பங்கள். "சின்னதாக்கினோம், இப்ப ஒறிஜினல் இல்லை" என்று திருகோணமலையில் திரும்பத் திரும்ப வரும் ஹார்ட் டிஸ்க்குகளில் காரணம் ஒன்றுதான்: இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் மென்பொருளின், பல படங்களை ஒரேயடியாக மாற்றும் மோக்ரிஃபை கட்டளையை அசல் போல்டருக்குள்ளேயே ஓட்டியிருப்பார்கள். அது எதுவும் கேட்காமல் அதே கோப்பின் மேல் எழுதிவிடும். ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை.

கட்டளையில் கொடுக்கும் குவாலிட்டி எண் 50 என்றால் பாதி அளவு, 100 என்றால் அசல் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது சதவீதமே இல்லை. ஜேபெக் (.jpg) வடிவில் சேமிக்கும்போது படத்தின் நுண்விவரங்களை எவ்வளவு கரடுமுரடாக வட்டமாக்கலாம் என்று சொல்லும் எண் அது. 100 இலும் கொஞ்சம் இழப்பு உண்டு. 60 இல் சேமித்த படத்தை மறுபடி 95 இல் சேமித்தால் கோப்புத்தான் பெருக்கும். போன விவரம் வராது. போட்டோஷொப்பின் 12 வரையான அளவுகோலும் இதுவும் ஒன்றல்ல. எண்ணைக் கண்டபடி இறக்கினால் மாலை வானம் பட்டை பட்டையாகப் பிரியும். இமேஜ்மேஜிக்கில் 90 இற்குக் கீழே போனால் நிற விவரமும் குறைக்கப்படும். சிவப்புப் பட்டுக்கரை கலங்குவது அதனால்தான்.

அளவைக் குறைக்கும் பெரிய வேலையைச் செய்வது ரீசைஸ், அதாவது படத்தின் அகல உயரத்தைக் குறைக்கும் தெரிவு. 6000×4000 படத்தை 1600 அகலத்துக்குக் கொண்டுவந்தாலே புள்ளிகள் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்காகிவிடும். அதன் பிறகு குவாலிட்டி 80, 85 போதும்.

முதலில் வேறொரு டிஸ்க்கில் கொப்பி எடுங்கள். வெளியீட்டுக்குப் புதிய போல்டர் ஒன்றை நீங்களே உருவாக்கி, அதை 'பாத்' தெரிவில் கொடுங்கள். கட்டளை அதை உருவாக்கித் தராது. ரீசைஸ் அளவின் பின்னால் > குறி போட்டால் சிறிய படங்கள் பெருக்காது. ஆனால் அளவை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குறியை ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். படத்தை நிமிர்த்தும் 'ஆட்டோ ஓரியன்ட்' முன்னால், கோப்புக்குள் இருக்கும் கமெராக் குறிப்புகளை நீக்கும் 'ஸ்ட்ரிப்' பின்னால். ஸ்ட்ரிப் மட்டும் போட்டால் நிமிர்ந்த படம் படுத்துவிடும். நிறக் குறிப்பையும் ஸ்ட்ரிப் நீக்குவதால், அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் எடுத்தது நிறம் மங்கும். லினக்ஸில் கட்டளையில் .jpg என்று மட்டும் கொடுத்தால், பெரிய எழுத்து நீட்சியுள்ள (.JPG) கமெராக் கோப்புகள் தவறிப்போகும், அதையும் பாருங்கள்.

ஐந்து படங்களில் ஓட்டி, முழு அளவில் பெருப்பித்துப் பார்த்த பிறகே மிச்சத்தைத் தொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவை ஏற்கனவே சுருங்கியவை. அவற்றை மறுபடி சுருக்காமல், டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.