நிலையில் இடித்த தலை

குளியலறைக்குள் குனிந்து போகும்போது தாத்தா நிலையில் தலையை இடித்துக்கொள்கிறார். ரத்தம் வரவில்லை. தேங்காயெண்ணெய் தடவியதோடு சரி. நாலைந்து வாரம் கழித்து, நடக்கையில் இடது கால் செருப்பு மட்டும் கழன்று விழுகிறது. அது அவருக்குத் தெரிவதுமில்லை. கேட்டதையே திரும்பக் கேட்கிறார். ‘வயசாயிடுச்சு’ என்கிறார்கள் வீட்டில். ஸ்கேனில் பார்த்தால் மூளையின் வலப்பக்கத்தை அழுத்திக்கொண்டு பிறை வடிவில் ரத்தம் தேங்கி நிற்கிறது.

மூளைக்கு மூன்று உறைகள். வெளியே இருக்கும் தடித்த உறைக்கு டூரா என்று பெயர். மூளையின் மேற்பரப்பிலிருந்து டூராவுக்குள் ஓடும் பெரிய சிரைக்கு மெல்லிய சிரைகள் பாலம் போட்டுப் போகின்றன. வயதானால் மூளை சுருங்கும், மண்டையோடு சுருங்காது. தேங்காய் காய்ந்ததும் கொப்பரை ஓட்டைவிட்டு விலகி உள்ளே லொடலொடக்குமே, அப்படி. பாலச் சிரைகள் விறைப்பாக இழுபட்டு நிற்கும். அப்போது லேசான குலுக்கலே போதும், சிரை அறுந்து டூராவுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கசியும். ரத்தம் உறையவிடாத ஆஸ்பிரின், வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கசிவு எளிதில் நிற்காது.

நெற்றிப்பொட்டு எலும்பு உடைந்து, அதன் உட்புறம் ஓடும் டூரா தமனி கிழிந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். சிரைக் கசிவு அப்படியில்லை. அழுத்தம் குறைவு, மூளை சுருங்கி விட்ட இடமும் இருக்கிறது.

சரி, என்றோ கசிந்த ரத்தம் ஏன் வாரக்கணக்கில் பெருகுகிறது? இங்கேதான் வேடிக்கை. உடம்பு ஆற்றப் போய்த்தான் கெடுக்கிறது. தேங்கிய ரத்தத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு சவ்வு வளர்கிறது. அதில் முளைக்கும் நுண்குழாய்கள் பிஞ்சு, அவையே கசிகின்றன. உறைவைக் கரைக்கும் பொருள்களும் உள்ளே சுரப்பதால் ரத்தம் கட்டிப்படுவதில்லை. இது அழற்சி நோய் என்று 1857-இல் சொன்னார் ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ. இல்லை, அடிபட்டுச் சிரை அறுந்ததுதான் காரணம் என்றார் லண்டன் அறுவை மருத்துவர் டிராட்டர், 1914-இல். வெகுகாலம் டிராட்டர் பக்கமே காற்று வீசியது. இன்று பார்த்தால் இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது: அடி தொடங்கிவைக்கிறது, அழற்சி வளர்க்கிறது.

மண்டையில் சின்ன ஓட்டை போட்டால் பழைய என்ஜின் ஆயில் நிறத்தில் வடியும். பிறகு ஓரிரு நாள் குழாய் வைத்து வடியவிட்டால், மீண்டும் தேங்குவது 24 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்ததை 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியது. அதற்கு அடுத்த படி, சவ்வுக்குப் போகும் ரத்தத்தையே நிறுத்துவது. ரத்தக்குழாய் வழியாக மெல்லிய செயற்கைக் குழாயைச் செலுத்தி அதற்கான தமனியை அடைக்கிறார்கள். மறு அறுவை தேவைப்படுவது இதனால் குறைகிறது என்று 2024-இல் ஆய்வு முடிவு வந்தது. அடைக்கப்படுவது வேறெதுவுமல்ல, நெற்றிப்பொட்டில் கிழிந்தால் உயிரைக் குடிக்கிற அதே தமனிதான்.